முன்கதை சொல்வாரும் மூலங் காப்பாரும்

ஒரு கதை முடிந்தபின் அதற்குத் தொடர்ச்சி எழுதுதல் எளிது. அது தொடங்குவதற்கு முன்னே சென்று எழுதுதல் அரிது. பின்கதை எழுதுவோன் தன் பாத்திரங்களை வேண்டிய இடத்துக்கு அழைத்துச் செல்லலாம், கொல்லலாம், மணமுடித்தும் வைக்கலாம். முன்கதை எழுதுவோனோ தன் கதை எங்கே போய்ச் சேர்தல் வேண்டுமென்பதை முதல் வரியிலேயே ஒப்புக்கொண்டு பேனாவைத் தொடுபவன். அவன் முன்னே கூடியிருக்கும் அவையும் சாமானிய அவையன்று. அது முடிவை அறிந்த அவை; பாத்திரங்களோடு பல்லாண்டு பழகிய அவை; ஒரு செய்தி பிசகினும் எழுந்து நின்று காரணங் கேட்கும் அவை.

அத்தகைய அவையொன்று, அமெரிக்க விஞ்ஞானப் புனைகதைத் தொடராகிய 'ஸ்ரார் ட்ரெக்'கைச் சூழ்ந்திருந்து சில ஆண்டுகளாகப் பெருவழக்கு ஆடிவருகின்றது. 2022ஆம் ஆண்டு மே மாதம் 5ஆந் திகதி வெளிவரத் தொடங்கிய 'ஸ்ட்ரேஞ்ச் நியூ வேல்ட்ஸ்' என்னும் தொடரே வழக்கின் பொருள். விந்தையான புத்துலகங்கள் என்பது அப்பெயரின் கருத்து. 1966இல் தொடங்கிய மூலத்தொடரின் நிகழ்ச்சிகளுக்குச் சில ஆண்டுகள் முற்பட்ட காலத்தை அது கூறுகின்றது. பழைய பாத்திரங்கள் இளமைக் கோலத்தில், புதிய நடிகர் வாயிலாக, அதே விண்கலத்தில் உலாவுகின்றனர். ஒரு சாரார் இதனைக் கண்டு பழைய தொடர் உயிர்பெற்றது என மகிழ்கின்றனர். மற்றொரு சாரார், தாம் அறிந்த ஸ்பொக் இவன் அல்லன் என்கின்றனர். மூன்றாம் சாராரும் உளர். பத்திரிகைகளில் எழுதும் இவர்கள் இரண்டாம் சாராரை நோக்கி, கற்பனைக் கதைக்கும் பிரமாணம் தேடும் பித்தர் இவரென நகைக்கின்றனர்.

பண்டிதர் என்னும் பட்டத்தையே வசைச்சொல்லாக வழங்கும் காலத்தில் வாழ்பவன் யான். ஆதலின் அந்த இரண்டாஞ் சாரார்மீது எனக்கு இயல்பாகவே ஒரு பரிவு உண்டு. ஆதர் சி. கிளாக் 1956 தொடக்கம் 2008இல் மறையும்வரை வாழ்ந்த நாடு இது; ஆகவே விண்வெளிக் கதையொன்றைப் பற்றித் தமிழ் ஏட்டில் ஆராய்தற்கு மன்னிப்புக் கோரவேண்டுவதில்லை. எனினும் பரிவு வேறு, தீர்ப்பு வேறு. மூலங் காப்பார் எழுப்பும் முறைப்பாடுகளிற் பல வெறும் உமி. சிலவோ நெல்மணி. இரண்டையும் ஒரே சுளகிற் கொட்டி நகைப்பதுதான் தவறு.

தொடரைப் பார்த்திராத அன்பர்களின் பொருட்டு வரலாற்றைச் சிறிது கூறுதல் வேண்டும். ஜீன் ரொடன்பெரி என்பார் இக்கதையை முதன்முதல் 1964ஆம் ஆண்டின் இறுதியிற் படமாக்கினார். அந்த முன்னோடிப் படத்திற் கலத்தின் தலைவன் கேர்க் அல்லன். கிறிஸ்தோபர் பைக் என்பவன். ஜெவ்ரி ஹன்ரர் அப்பாத்திரத்தை ஏற்றார். லெனாட் நிமோய் நடித்த ஸ்பொக் அப்பொழுதே இருந்தான். என்.பி.சி. நிறுவனம் அப்படத்தை ஏற்காது இரண்டாவது முன்னோடி ஒன்றைக் கேட்டது. அதிலேதான் வில்லியம் ஷற்னர் நடித்த கேர்க் தோன்றினான். தொடரும் 1966 செப்தெம்பர் 8ஆந் திகதி ஆரம்பமாயிற்று. கைவிட்ட படத்தை வீணாக்க மனமில்லாத ரொடன்பெரி, அதனை அவ்வாண்டு நவெம்பர் மாதத்திலேயே இரு பகுதிகொண்ட கதையொன்றினுள் நினைவுக்காட்சியாக நுழைத்தார். அக்கதையிற் பைக் கதிர்வீச்சினால் உருக்குலைந்து, பேச்சிழந்து, பொறிநாற்காலியொன்றில் அடைபட்டிருக்கின்றான். விளக்கொன்றை ஒளிரச்செய்து ஆம் என்றும் இல்லை என்றும் உணர்த்துவதே அவனால் இயன்ற பேச்சு. பழைய தலைவனுக்காக ஸ்பொக் மரணதண்டனைக்கும் துணிந்து விதியை மீறுகின்றான்.

மூலத்தொடர் 79 கதைகளோடு 1969இல் நின்றுபோயிற்று. மூன்றாம் ஆண்டு அது வெளிவந்ததற்கே இரசிகர்கள் ஆயிரக்கணக்கில் எழுதிய கடிதங்கள் காரணம் என்பர். இதனை மறத்தலாகாது. மூலங் காப்பார் என்று நாம் கூறுவோர் வாயிலில் நின்று எட்டிப்பார்த்தவரல்லர்; வீடு இடியாமல் தூண் பிடித்தவர். அவர்க்குக் கேள்வி கேட்கும் உரிமை இல்லையெனின் வேறு எவர்க்கு உண்டு?

இனி உமியை முதலிற் புடைத்துவிடுவோம். கலத்தின் விளக்குகள் 1966இல் இருந்தவற்றினும் பளபளப்பாய் உள்ளன என்பதும், சீருடையின் நிறம் வேறுபட்டது என்பதும் குற்றங்களாகா. அரிதாரமும் ஒட்டுப்பலகையும் காலத்துக்குக் காலம் மாறும். கிளிங்கன் என்னும் பகையினத்தாரின் நெற்றி இதற்கு நல்ல உதாரணம். மூலத்தொடரில் அவர்க்கு நெற்றி மழமழவென்றிருந்தது. 1979இல் வந்த திரைப்படத்தில் மேடுபள்ளமாயிற்று. காரணம் பணமேயன்றிப் பிறிதில்லை. ஆயினும் இரசிகர்கள் விடவில்லை. 1996இல் வந்த ஒரு கதையில், இது பற்றிப் பிறரோடு யாம் பேசுவதில்லை என்னும் கருத்துப்பட ஒரு கிளிங்கன் சொல்லி நழுவினான். 2005இல், முன்கதைத் தொடராகிய 'என்ரர்பிறைஸ்', ஒரு நோய்க்கிருமியினாலேயே நெற்றி மாறிற்று என இரண்டு கதை விரித்துச் சமாதானஞ் சொல்லிற்று. நச்சினார்க்கினியர் பத்துப்பாட்டுக்கு உரைகாணுங்கால் எங்கோ கிடக்கும் அடியை வேறெங்கோ உள்ள அடியோடு மாட்டு என்னும் பெயரால் இணைப்பதைக் கண்டு வியந்தும் நகைத்தும் இருக்கும் நம் மாணாக்கர்க்கு இந்த வித்தை புதிதன்று. உரையாசிரியர்க்குரிய பொழுதுபோக்கு அது. அதனால் எவர்க்கும் கேடில்லை.

மற்றோர் உமி நச்சு உமி. 2017இல் 'டிஸ்கவரி' என்னும் முன்கதைத் தொடர் வந்தபோது, கறுப்பினப் பெண்ணொருத்தி கதைத்தலைவியானாள் என்பதையே பொறாது சிலர் கூச்சலிட்டனர். 1966இலேயே உகூரா என்னும் கறுப்பினப் பெண்ணைக் கலத்தின் மேற்றளத்தில் அமர்த்திய கதையை இவர்கள் எந்தக் கண்கொண்டு பார்த்தார்களோ தெரியவில்லை. இவர்களை மூலங் காப்பார் கூட்டத்திற் சேர்த்தல் மூலத்துக்கே இழுக்கு.

ஆனால் அதே தொடரின்மேல் வேறோர் ஆட்சேபம் எழுந்தது. அக்கதைத்தலைவி ஸ்பொக்கின் வளர்ப்புச் சகோதரி எனப்பட்டாள். அரைநூற்றாண்டாக அவன் வாயில் ஒருமுறையும் வராத சகோதரி! இக்கேள்விக்கு விடையாக 2019இல் அவளைக் கலத்தோடு ஒன்பது நூற்றாண்டுக்கு அப்பாலுள்ள எதிர்காலத்துக்கு அனுப்பிவிட்டு, அவளைப்பற்றி இனி எவரும் பேசலாகாது எனத் தடைபோட்டனர். இஃது உரையன்று, வாய்ப்பூட்டு. கதையின் ஓட்டையை மௌனத்தால் அடைப்பவன், ஓட்டையிருந்ததை ஒப்புக்கொள்கின்றான்.

இனி மணிகளுக்கு வருவோம். மூலம் பேசாது விட்ட இடத்தில் முன்கதை பேசலாம். அது குற்றமன்று, முன்கதைக்கு உரிய தொழிலே அதுதான். உகூராவை எடுத்துக்கொள்ளுங்கள். நிச்செல் நிக்கல்ஸ் என்னும் நடிகையின் பெருமிதத்தினால் அப்பாத்திரம் நிலைத்ததேயன்றி, மூலத்தொடரின் ஆசிரியர்கள் அவளுக்குக் கொடுத்தது மிகச் சிறிது. பெரும்பாலும் செய்தி வந்தது, செய்தி போயிற்று என்று அறிவிப்பதே அவள் தொழில். முதற்பெயர் தானும் அத்தொடரில் அவளுக்கு வழங்கப்படவில்லை. தொடரை விட்டு விலக எண்ணிய தம்மை மார்ட்டின் லூதர் கிங் தடுத்தார் என்று நிக்கல்ஸ் பலகாலும் கூறியிருக்கின்றார். அவர் 2022 யூலை 30ஆந் திகதி காலமானார். அவ்வாண்டு வந்த புதிய தொடரில் செலியா ரோஸ் கூடிங் நடிக்கும் இளம் உகூரா, பெற்றோரையும் தமையனையும் ஒரே விபத்தில் இழந்தவள். முப்பத்தேழு மொழிகள் பேசுபவள். தான் இக்கலத்தில் இருத்தல் வேண்டுமா என்று ஐயுறுபவள். மொழியாசிரியனாகிய எனக்கு இப்பாத்திரத்தின்மேற் பட்சபாதம் உண்டென்பதை மறைக்கவில்லை. விண்மீன்களுக்கிடையே செல்லும் கலத்தில், ஆயுதத்தை நாடாது, அறியாத மொழியின் ஓசையொழுங்கைக் கேட்டறிந்து ஆபத்தை நீக்கும் பெண்ணொருத்தியை எந்த மொழியாசிரியனுக்குத்தான் பிடியாது? இங்கே மூலத்தின் ஒரு செய்தியும் பொய்யாகவில்லை. மூலம் செய்யத் தவறிய நீதி செய்யப்பட்டது. இதனையும் குறைகூறுவோர் உகூராவைக் காப்பவரல்லர். அவள் அமர்ந்திருந்த நாற்காலியைக் காப்பவர்.

சப்பல் என்னுந் தாதியின் கதை அத்துணை எளிதன்று. 1966இல் வந்த ஒரு கதையில் நோயின் வெறியில் அவள் தன் காதலை ஸ்பொக்கிடம் கூறுகின்றாள், அவன் வருந்துகின்றான், ஏற்கமாட்டாதவனாய் நிற்கின்றான். ஒருதலைக் காமத்தின் துயரம் அது. புதிய தொடரோ இருவரையும் சிலகாலம் காதலராக்கிப் பின் பிரிக்கின்றது. பிரித்துவிட்டோம், ஆகவே மூலத்தோடு முரணில்லை என்பர். முரணில்லைதான். ஆனால் பழைய காட்சியை இனிப் பார்ப்பவனுக்கு அது கிட்டாத காதலாகத் தோன்றாது, கைவிட்ட காதலாகவே தோன்றும். கைக்கிளையைக் கடந்தகால நினைவாக மாற்றியது நயமா நட்டமா என்பதில் எனக்கு இன்னும் ஐயம் உண்டு, நட்டமென்றே சாய்கின்றேன்.

ஸ்பொக் சிரிக்கின்றான் என்று முறையிடுவோர்க்கு மட்டும் ஒன்று சொல்லலாம். 1964இற் படமாக்கிய அந்த முதற்படத்தில், பாடும் செடியொன்றைத் தொட்டுப்பார்த்து அவன் வாய்விட்டு முறுவலிக்கின்றான். உணர்ச்சியை அடக்கிய ஸ்பொக் பின்னரே பிறந்தவன். சிரித்த இளைஞன் எவ்வாறு சிரியாதவன் ஆனான் என்பதையே ஈதன் பெக் நடிக்கும் ஸ்பொக் காட்டுகின்றான். மூலத்தின் முதலேட்டையே சான்றாகக் கொண்டவர்மீது மூலத்தின் பெயரால் வழக்குத் தொடுத்தல் ஆகாது.

ஆனால் 2025இல் வெளிவந்த ஒரு நகைச்சுவைக் கதையிற் பைக்கும் உகூராவும் சப்பலும் இன்னொருத்தியும் மருந்தொன்றினால் ஸ்பொக்கின் வல்கன் இனத்தவராக மாறுகின்றனர். மாறிய கணத்திலேயே உணர்ச்சியற்ற தருக்கவாதிகளாகவும் ஆகிவிடுகின்றனர். இதனைப் பலர் கண்டித்தனர். கண்டித்தது முற்றும் தகும். வல்கன் இனத்தவர் இயல்பிலே கொடுஞ்சினமும் பெருவேட்கையும் உடையவர்; சூராக் என்பானின் போதனையாற் பயின்று பயின்று அடக்கம் எய்தியவர் என்பது இக்கதையுலகின் அடிப்படை. பயிற்சியால் வந்த ஒழுக்கத்தை இரத்தத்தோடு வந்த குணமாக்குவது திகதிப்பிழையன்று, கருத்துப்பிழை. நற்குணம் கல்வியால் வருவதா, பிறப்பால் வருவதா என்னும் கேள்வியிற் கதை தன் பக்கத்தை மாற்றிக்கொண்டது. நம் நாட்டார்க்கு இந்த வேறுபாட்டின் கனத்தை விளக்கவேண்டுவதில்லை.

புதிய தொடரின் உச்சியாக யான் கருதுவது பைக்கின் கதை. 'டிஸ்கவரி'யின் 2019ஆம் ஆண்டுக் கதையொன்றில், உலகங்களைக் காக்கும் பொருட்டு அவன் ஒரு மணியை எடுக்கவேண்டியிருக்கின்றது. எடுப்பானாயின் அவன் கண்ட எதிர்காலம் மாறாது. அவன் கண்டதோ அந்த நாற்காலி, உருக்குலைந்த முகம், அழும் தன்னையே. கண்டும் எடுக்கின்றான். அன்சன் மவுண்ட் அந்த இடத்தில் நடித்த நடிப்பைக் கண்ட இரசிகர்களே, பைக்கை வைத்துத் தனித்தொடர் வேண்டுமென்று கேட்டனர்; 2020இல் அதற்கான அறிவிப்பும் வந்தது. மூலங் காப்பார் எதையும் மறுப்பவர் என்பது உண்மையாயின் இத்தொடரே பிறந்திராது.

கருத்தூன்றிப் பார்க்கவேண்டியது ஒன்றுண்டு. அவை முடிவை அறியும் என்பது முன்கதையின் பெருங்குறை என்றோம். இங்கே கதைத்தலைவனும் முடிவை அறிகின்றான். அறிந்த மாத்திரத்தே குறை குணமாகிவிட்டது. மட்டக்களப்பு வட்டக்களரியில் விடியுமளவும் கர்ணன் போர் பார்த்திருப்போர், கர்ணன் இறப்பானா என்று அறிவதற்காக விழித்திருப்பதில்லை. எவ்வாறு இறக்கின்றான் என்று காண்பதற்கே விழித்திருக்கின்றனர். 2022இல் முதற்பருவத்தின் இறுதிக்கதையிற் பைக் ஊழைத் தப்ப ஒருமுறை முயல்கின்றான். அவ்விபத்திற் சிக்கப்போகும் சிறுவர்க்கு முற்கூட்டியே கடிதம் எழுதத் தொடங்குகின்றான். அப்பொழுது முதிர்ந்த பைக் ஒருவன் எதிர்காலத்திலிருந்து வந்து, தப்பினால் விளைவது யாதெனக் காட்டுகின்றான். 1966இல் கேர்க் கடந்துசென்ற அதே நெருக்கடியை இப்போது பைக் எதிர்கொள்கின்றான். நல்ல எண்ணத்தாற் பொறுமை காட்டுகின்றான், அப்பொறுமையே பெரும்போருக்கு வழியாகின்றது, ஸ்பொக் குற்றுயிராகின்றான். பைக் எழுதிய கடிதத்தை அழித்துவிடுகின்றான். மூலக்கதையொன்றினுள் நுழைந்து, அதன் அமைப்பைக் கெடாது, அதற்கு முன்னில்லாத துயரத்தை ஏற்றும் ஆற்றல் இதுவே. இனி 1966ஆம் ஆண்டுப் படத்தைப் பார்ப்பவன் நாற்காலியில் இருப்பவனைக் கண்டு இரங்கான், எழுந்து நிற்பான்.

இதே ஆசிரியர்கள் கோண் என்னும் இனத்தாரைக் கையாண்ட விதம் கண்டுதான் மனம் நோகின்றது.

1967 சனவரியில், வியற்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், ஜீன் கூன் எழுதிய கதையொன்று வெளிவந்தது. பல்லியுருவான கோண் இனத்தார் மனிதக் குடியேற்றமொன்றை அழித்துவிடுகின்றனர். பழிவாங்கத் துரத்திச் செல்லும் கேர்க்கையும் கோண் தலைவனையும் மெற்றன் என்னும் மேலினத்தார் வெறுங்கோளொன்றில் இறக்கித் தனிப்போர் புரியவிடுகின்றனர். அங்கே கேர்க் ஒன்றை உணர்கின்றான். அந்த இடம் தமக்குரியது, மனிதரே அத்துமீறியவர் என்பது கோண் தரப்பு வழக்கு. இறுதியிற் கற்கத்தி கையிலிருக்க, வீழ்ந்துகிடக்கும் பகைவனைக் கொல்ல மறுக்கின்றான். இறப்பர் உடை அணிந்த கோண் உருவத்தைக் கண்டு இன்றைய சிறுவர் சிரிப்பர், சிரிக்கட்டும். கதை சிரிப்புக்குரியதன்று.

இக்கூன் எழுதிய கதைக்கும் ஒரு மூலமுண்டு. பிரெட்ரிக் பிறவுண் 1944இல், உலகப்போரின் நடுவில், எழுதிய சிறுகதை அது. அதில் மனிதன் தன் எதிரியைக் கொன்றுவிடுகின்றான். எதிரியின் படை முழுவதும் அழிந்தொழிகின்றது. கூன் அதன் முடிவைத் தலைகீழாக்கினார். ஆகவே மூலத்தை மாற்றியதே பாவம் என்னும் வாதம் மூலங் காப்பார்க்கே உதவாது. அவர் காக்கும் மூலமே ஒரு மாற்றந்தான். நம்மிடையேயும் வான்மீகியில் இல்லாத இரணியன் வதைப் படலத்தைக் கம்பர் சேர்த்தார். 1960களிற் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் தயாரித்த 'இராவணேசன்' கூத்தில், கொடுமையின் வடிவாகக் கண்டு பழகிய இராவணன் அவலத்தலைவனாய் எழுந்து நின்றான். மூலம் மாறிற்று; ஆனால் பகைவனுக்கு நெஞ்சம் கிடைத்தது.

புதிய தொடர் எதிர்த்திசையிற் சென்றது. நெஞ்சமிருந்த பகைவனிடமிருந்து அதனைப் பறித்தது. 2022ஆம் ஆண்டுக் கதைகளில் கோண் என்போர் பிறர் உடலில் முட்டையிட்டு, அவ்வுடலைக் கிழித்து வெளிவரும் கொடுவிலங்குகள். கலத்தின் பொறியியலாளன் ஹெமர் அம்முட்டைகளைச் சுமந்தமையால் தன்னுயிரை மாய்த்துக்கொள்கின்றான். காட்சிகள் அச்சமூட்டுவன, திறமையும் உண்டு. இரசிகர்கள், கேர்க்குக்கு முன் கோண் இனத்தாரை எவரும் அறிந்திலரே, இவர்கள் எவ்வாறு அறிந்தனர் என்று கேட்டனர். திகதிக்கணக்குப் பார்க்கின்றனர் என்று அவர்களை எள்ளினர் எழுத்தாளர் சிலர். கேள்வி திகதியின் வடிவில் வந்ததேயன்றி, அதன் உள்ளீடு வேறு. முட்டையிட்டு மனிதரை உண்ணும் விலங்கை நோக்கி, உன் பக்கத்திலும் நியாயம் இருக்கலாம் என்று எவனும் கத்தியைத் தாழ்த்தமாட்டான். தாழ்த்துவானாயின் அவன் அருளாளன் அல்லன், அறிவிலி. முன்கதை உண்மையாயின் 1967ஆம் ஆண்டுக் கேர்க் அறிவிலியாகின்றான். இதனைத்தான் அந்த இரசிகர்கள் தமக்குத் தெரிந்த மொழியிற் சொல்லினர்.

ஆசிரியர்களுக்கும் இக்குறை உறைத்தது போலும். 2025இல் மூன்றாம் பருவத்தில் ஒரு கதை வந்தது. ஒர்ற்றேகஸ் என்னும் விமானி ஆளில்லாத் துணைக்கோளொன்றில் ஒரு கோண் பெண்ணோடு அகப்படுகின்றாள். மொழி தெரியாத இருவரும் உணவைப் பகிர்ந்து, ஒருவரையொருவர் காத்து, நட்பாகின்றனர். மீட்க வருகின்றாள் லான் என்பவள். சிறுமியாயிருந்தபோது தன் குடும்பம் முழுவதையும் கோண் இனத்தாரிடம் பலிகொடுத்துத் தான் ஒருத்தியே உயிர்தப்பியவள். தோழி அருகே கோண் நிற்பதைக் காண்கின்றாள், நினைக்க நேரமில்லை, சுடுகின்றாள். பின்னர் மெற்றன் ஒருவன் தோன்றி இது தாங்கள் நடத்திய பரீட்சை என்று கூறுவதைக் குறித்து இரசிகர்கள் மீண்டும் இரு கட்சியாகிப் பொருதனர். எனக்கு அதில் அக்கறையில்லை. இறந்துகிடக்கும் அந்தக் கோண் பெண்ணின் அருகே ஒர்ற்றேகஸ் அழுகின்றாள்; லானுக்கு அவள் ஏன் அழுகின்றாள் என்பது விளங்கவில்லை.